சர்ஃபேஸ் என்று பார்த்ததும் 'மேற்பரப்பு' என்று எழுதிவிடாதீர்கள்

'இலையின் கீழ் மேற்பரப்பில் துளைகள் அதிகம்.' தாவரவியல் மொழிபெயர்ப்பு ஒன்றில் இந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழா, மேலா? எழுதியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அகராதியைத் திறந்தால் சர்ஃபேஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் நிற்பது மேற்பரப்புதான், அதைத் தூக்கிக்கொண்டுபோய் 'லோயர்' என்பதற்குப் பக்கத்தில் வைத்தால் கீழ் மேற்பரப்பு வந்துதானே தீரும். 'இலையின் அடிப்பக்கத்தில்' என்று எழுதியிருந்தால் முடிந்தது வேலை. குழாயின் உட்சுவரை 'உள் புறப்பரப்பு' என்று எழுதியவர்களும் உண்டு, உள்ளா புறமா என்று அந்தக் குழாய்க்கே சந்தேகம் வந்திருக்கும்.

இந்தச் சொல்லோடு நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல், 'ஃபாஸ்' என்றால் முகம், ஆக பிறப்பில் இதுவும் மேல்முகம்தான். ஆனால் ஆங்கிலத்துக்குள் வந்து சில நூறு ஆண்டுகளில் அந்த 'மேல்' செத்துப்போய்விட்டது. மேசையின் அடிப்பக்கம், கூரையின் உட்பக்கம், குகைச் சுவர், நுரையீரலின் உள்ளே இருக்கும் காற்றறைகளின் சுவர் எல்லாமே இன்று சர்ஃபேஸ்தான். தமிழில் நாம் 'மேற்பரப்பு' என்று எழுதும்போது அந்த 'மேல்' உயிரோடு இருக்கிறது, அதுதான் தொல்லை. பரப்பு, பக்கம், முகம், தளம், சுவர் என்று நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை, இடம் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இது 'சர்ஃபிஸ்'. கடைசியில் முகம் என்ற சொல்லின் எழுத்துகள் இருக்கின்றன என்பதற்காக 'ஃபேஸ்' என்று இழுக்கக் கூடாது, முன்னுரைக்கு ஆங்கிலத்தில் 'ப்ரெஃபிஸ்' என்பது போலத்தான் இதுவும். ஆனால் 'இன்டர்ஃபேஸ்' மட்டும் முழு முகத்தோடு ஒலிக்கும், அதனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. (இதைச் சொல்லிவிட்டு நானே கட்டுரை முழுக்க சர்ஃபேஸ் என்றுதான் எழுதுகிறேன், தமிழ் எழுத்தில் அப்படியே பழகிவிட்டது, மன்னித்துவிடுங்கள்.)

சரி, பொருளுக்கு வருவோம். நான் கையாள்கிற வழி ஒன்று இருக்கிறது. சர்ஃபேஸ் வந்தால் அது எதற்கு எதிராக நிற்கிறது என்று முதலில் பார்ப்பேன். சர்ஃபேஸ் மெயில் என்றால் விமான அஞ்சலுக்கு எதிர், ரயிலிலோ லாரியிலோ கப்பலிலோ போவது. அதில் 'பரப்பு' என்ற சொல்லே தமிழில் தேவையில்லை, 'தரை, கடல் வழி அஞ்சல்' என்றால் போதும். சர்ஃபேஸ் வாட்டர் என்றால் நிலத்தடி நீருக்கு எதிர், அதாவது ஆறு, ஏரி, குளம் எல்லாம் மொத்தமாக. இதை 'நீரின் மேல் அடுக்கு' என்று புரிந்துகொள்கிறவர்கள் நிறைய பேர். ஏரியின் அடியாழத்தில் கிடக்கும் தண்ணீரும் சர்ஃபேஸ் வாட்டர்தான், ஏனென்றால் இங்கே பேச்சு நிலத்தின் பரப்பைப் பற்றியது, நீரின் பரப்பைப் பற்றியது அல்ல. ராணுவச் செய்தியில் வரும் 'சர்ஃபேஸ் டு ஏர்' ஏவுகணையை 'தரையிலிருந்து வானுக்குப் பாயும் ஏவுகணை' என்றே எழுதிப் பழகிவிட்டோம், பெரும்பாலும் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் போர்க்கப்பலிலிருந்து கிளம்பும் ஏவுகணைக்கும் அதே பெயர்தான். நடுக்கடலில் கப்பலிலிருந்து ஏவியதாகச் செய்தி சொல்லும்போது அடுத்த வரியிலேயே 'தரையிலிருந்து' என்று வந்தால் படிக்கிறவர் தலையைச் சொறிவார்.

வானிலைச் செய்தியில் இந்தச் சொல் செய்யும் சேட்டைக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். 'சர்ஃபேஸ் விண்ட்' என்பது மண்ணை உரசிக்கொண்டு போகிற காற்று இல்லை, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளப்பதுதான் வழக்கம். 'சர்ஃபேஸ் ஏர் டெம்பரேச்சர்' என்பதும் தரையின் சூடு இல்லை, ஏறக்குறைய ஆள் உயரத்தில், ஒன்றேகால் முதல் 2 மீட்டருக்குள், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளக்கிற காற்றின் வெப்பநிலை. ஆனால் 'லேண்ட் சர்ஃபேஸ் டெம்பரேச்சர்' என்று வந்தால் அது உண்மையிலேயே மண்ணின், பாறையின் தோல் சூடு, செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துச் சொல்வது. மேல்நாட்டு வானிலைக் கட்டுரைகளில் இந்த இரண்டும் சில சமயம் ஒரே பக்கத்தில் வரும். இரண்டையும் 'மேற்பரப்பு வெப்பநிலை' என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? உலக வானிலை அமைப்பின் பதிவில் காற்று வெப்பநிலையின் உச்சம் 56.7 டிகிரி செல்சியஸ், அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலையில் பதிவானது. ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005இல் செயற்கைக்கோள் கண்டது 70.7 டிகிரி. பழைய சாதனை 14 டிகிரி வித்தியாசத்தில் உடைந்துவிட்டது என்று தலைப்பு போட்டுவிடலாம், தப்பாக! ஒன்று காற்று, இன்னொன்று தரை. வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம், முகத்தில் படும் காற்றின் சூடு வேறு, உள்ளங்கால் படும் பாடு வேறு.

வானியல் இன்னும் விசித்திரம். சூரியனின் சர்ஃபேஸ் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் என்று படிக்கிறோம், ஆனால் அங்கே கால் வைக்க எதுவும் இல்லை, எல்லாம் வாயு. எந்த ஆழத்திலிருந்து ஒளி தப்பித்து நம்மிடம் வருகிறதோ அந்த அடுக்குக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வியாழனுக்கும் இதே கதைதான், அங்கே அழுத்தம் ஏறக்குறைய நம் கடல்மட்ட அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும் உயரத்தைக் கணக்குக்காகப் பரப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். 'வியாழனின் தரை' என்று மட்டும் எழுதாதீர்கள்.

அப்புறம் சர்ஃபேஸ் டென்ஷன். இதை 'மேற்பரப்புப் பதற்றம்' என்று எழுதியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தண்ணீருக்கு எதற்குப் பதற்றம்? பள்ளிப் புத்தகம் அழகாகப் 'பரப்பு இழுவிசை' என்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை விட அதைப் பற்றிய நினைப்பில்தான் தவறு அதிகம். கண்ணாடி டம்ளர் ஒன்றை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுபோய், சொட்டு சொட்டாக இன்னும் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், தண்ணீர் விளிம்பைத் தாண்டி லேசாக உப்பி நிற்கும், வழியாது. பார்க்கிறவருக்கு மேலே ஏதோ மெல்லிய தோல் இழுத்துக் கட்டியது போலத் தோன்றும். அப்படித் தனியாகத் தோல் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கத்திலிருந்தும் மற்றவை இழுக்கின்றன, பரப்பில் இருப்பதற்கு மேலே இழுக்க ஆளில்லை, பக்கவாட்டிலும் உள்நோக்கியும்தான் இழுப்பு, அதனால் நீர் தன் பரப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கப் பார்க்கிறது. அந்த உப்பலின் மேல் ஊசியை மெல்லப் படுக்க வைத்தால் மிதக்கும், சோப்புத் தொட்ட விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டீர்களோ, ஊசி போயே போச்சு. உடனே கப்பல் மிதப்பதும் இதனால்தான் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். இல்லை. கப்பலைத் தாங்குவது அது விலக்கித் தள்ளிய நீரின் எடைக்கு ஈடான மேல்நோக்கு விசை, அது வேறு கணக்கு.

சோப்பு செய்த அந்த வேலையைச் செய்கிற பொருளுக்குத்தான் 'சர்ஃபாக்டன்ட்' என்று பெயர், சர்ஃபேஸ், ஆக்டிவ், ஏஜென்ட் மூன்றையும் சுருக்கி ஒட்டிய சொல். பெயரைப் பார்த்ததும் தரை துடைக்கிற திரவம் என்று நினைக்க வேண்டாம், நம் நுரையீரலும் இப்படி ஒன்றைச் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் மூச்சு விடும்போது குட்டிக் காற்றறைகள் ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும். குறைமாதக் குழந்தைகள் சிலர் பிறந்ததும் மூச்சுக்குத் திணறுவதற்கு இந்தப் பொருள் போதாமல் இருப்பதே காரணம் என்று மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்ற ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள்.

கணிதத்தில் மாணவர்கள் சறுக்கும் இடம் வேறு. அங்கே சர்ஃபேஸ் என்பதற்குத் தடிமனே கிடையாது. 'ஸ்ஃபியர்' என்றால் அந்த வெறும் தோல் மட்டும், உள்ளே நிரம்பிய திண்மத்துக்கு 'பால்' என்று தனிப்பெயர். தமிழில் இரண்டையும் கோளம் என்றே சொல்லிவிடுவதால் மேற்படிப்புக்குப் போகும்போது குழப்பம் வருகிறது. இன்னொன்று, அளவு பெருகினால் பரப்பும் அதே கணக்கில் பெருகும் என்ற நினைப்பு. பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்குங்கள், ஆயிரம் துண்டு, ஒவ்வொன்றுக்கும் 6 சதுர மில்லிமீட்டர், மொத்தம் 60 சதுர சென்டிமீட்டர். பொருள் ஒரு துளி கூடவில்லை, பரப்பு மட்டும் பத்து மடங்கு. தூளாக்கினால் சீக்கிரம் கரைவதும், கட்டையாக மெதுவாக எரியும் மரம் மெல்லிய தூசியாகக் காற்றில் பரவினால் வெடிக்கவே வெடிப்பதும் இதனால்தான்.

கணினி உலகத்துக்கு வந்தால் பரப்பே இல்லாத இடத்தில் எல்லாம் சர்ஃபேஸ் இருக்கும். 'அட்டாக் சர்ஃபேஸ்' என்பதைத் 'தாக்குதல் மேற்பரப்பு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. திறந்து கிடக்கும் போர்ட், பழைய பிளகின், மறந்துபோன நிர்வாகி கணக்கு என்று எதிரி நுழையக்கூடிய வழிகள் எல்லாம் சேர்ந்த தொகைக்குத்தான் அந்தப் பெயர், 'தாக்க இடம் தரும் வழிகள்' என்றே விரித்து எழுதலாம், தப்பில்லை. 'சர்ஃபேஸ் வெப்' என்றால் தேடுபொறிகள் பட்டியலிட்டு வைத்திருக்கும் பக்கங்கள், அதற்கு எதிர் 'டீப் வெப்'. டீப் வெப் என்றதும் கள்ளச்சந்தை என்று பயப்படுகிறவர்கள் உண்டு, உங்கள் மின்னஞ்சல் பெட்டியும் வங்கிக் கணக்குப் பக்கமும் அங்கேதான் இருக்கின்றன, பயப்பட வேண்டியது வேறு. பெரிய எழுத்தில் ஆரம்பித்தால் மைக்ரோசாஃப்ட்டின் கருவி. 2007இல் அந்தப் பெயரில் முதலில் அறிவித்தது தொடுதிரை மேசை, டேப்லெட் 2012இல்தான். விமானத்தில் 'கன்ட்ரோல் சர்ஃபேஸ்' என்றால் பரப்பு கூட இல்லை, இறக்கையிலும் வாலிலும் அசைகிற அந்தத் தகடுகளே.

வினைச்சொல்லாக வரும்போதுதான் அலுவலக மின்னஞ்சல்கள் சிரிப்பு மூட்டும். நீர்மூழ்கிக் கப்பல் சர்ஃபேஸ் ஆகும், மறைத்து வைத்த உண்மை சர்ஃபேஸ் ஆகும், விடிய விடியப் படம் பார்த்தவர் மதியம் சர்ஃபேஸ் ஆவார், எல்லாமே தானாக மேலே வருவது. இதோடு 'அப்' சேர்த்து எழுதுவது நம்மவர்கள் செய்கிற தவறு, 'மேலே' அர்த்தத்துக்குள்ளேயே இருக்கிறது, இன்னொன்று எதற்கு? மற்றபடி யாராவது எதையாவது 'சர்ஃபேஸ்' செய்தால் இரண்டு பொருள்: சாலைக்கு மேல்பூச்சுப் போடுவது பழையது, விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவருவது புதியது. 'ரீசர்ஃபேஸ்' என்று வந்தால் பார்த்து எழுதுங்கள். சாலை ரீசர்ஃபேஸ் ஆனால் புதுத் தார், பழைய வீடியோ ரீசர்ஃபேஸ் ஆனால் யாருக்கோ தலைவலி. 'இன்' போடுவதும் நம் பழக்கம்தான், தமிழில் 'பரப்பில்' என்று ஒரே 'இல்' போட்டுவிடுகிறோம், ஆங்கிலத்தில் பரப்பின் மேல் இருப்பதற்கு 'ஆன்'தான் வேண்டும். 'சர்ஃப்' என்ற அலைச்சறுக்குச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை, எழுத்து மட்டும் ஒத்துப்போகிறது.

நான் அடி வாங்கியது 'ஆன் த சர்ஃபேஸ்' என்பதில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒருவர் செய்த வடிவமைப்பை மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன், முழுசாகப் படிக்க நேரமில்லை. அதை நேர்மையாகச் சொல்லலாமே என்று 'ஆன் த சர்ஃபேஸ், உங்கள் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 'உள்ளே என்ன கோளாறு கண்டீர்கள்?' ஆங்கிலத்தில் அந்தத் தொடர் வந்தாலே பின்னால் ஓர் 'ஆனால்' ஒளிந்திருக்கும், சொல்லாவிட்டாலும் படிக்கிறவர் காதில் விழுந்துவிடும். 'சூப்பர்ஃபிஷியல்' என்ற அதன் அக்காவும் இப்படித்தான், மருத்துவர் காயத்தைப் பற்றிச் சொன்னால் நிம்மதி, மேலாளர் உங்கள் அறிக்கையைப் பற்றிச் சொன்னால் திட்டு. அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது 'இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை, பார்த்தவரை நன்றாக இருக்கிறது' என்பதுதான். அவரிடம் அதை விளக்கிச் சொல்ல மூன்று மின்னஞ்சல் ஆயிற்று. மூன்றாவதற்கு அவர் போட்ட பதில், 'ஆன் த சர்ஃபேஸ், நம்புகிறேன்.'