காய் ஏன் கனிகிறது? அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பிசாங் மாஸ் வாழைத் தார் வெட்டினால் அம்மா அதைச் சீப்பு சீப்பாகப் பிரித்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். மூன்றாம் நாள் டின்னைத் திறந்தால் வீடே மணக்கும். ஏன் அரிசிக்குள் வைக்கிறோம் என்று கேட்டால், "உள்ளே சூடு இருக்கும், அதான் பழுக்குது" என்பார். ரொம்ப நாள் நானும் அதையே நம்பினேன். உண்மையான காரணம் வேறு. அது பழத்தின் செல்லுக்குள் இருக்கிறது.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அறிவியல் பாடத்தோடு என்னிடம் வருவார்கள். அவர்களோடு செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நுண்ணோக்கி வேண்டாம். பச்சை, செங்காய், பழம் என்று மூன்று பக்குவத்தில் வாழை, ஒரு கொய்யா, ஒரு செங்காய்ப் பப்பாளி, உப்பு, மருந்துக் கடையில் புண்ணுக்கு வாங்கும் அயோடின், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, இரண்டு காகிதப் பை. இவ்வளவு போதும்.

முதலில் ஒரு செல்லை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

சாப்பாட்டுக் கடையில் தே ஐஸை (ஐஸ் தேநீரை) பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருவார்கள் அல்லவா? அந்தப் பையை ஓர் அட்டைப் பெட்டிக்குள் இறுக்கமாகத் திணித்தால் பெட்டியே விறைத்து நிற்கும். பழத்தின் செல் அப்படித்தான். உள்ளே தண்ணீரும் சர்க்கரையும் புளிப்பும் நிறைந்த பை. வெளியே செல்லுலோஸ் இழைகளால் பின்னிய சுவர். ஒரு பெட்டியைப் பக்கத்துப் பெட்டியோடு ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. ஜாம் கெட்டியாவதும் இந்தப் பெக்டினால்தான்.

தம்புன் பொமலோவின், அதாவது பம்பளிமாஸின், சுளையை உரித்தால் வரும் நீர் முத்துகளைக் காட்டி, "டீச்சர், இதுதானே ஒரு செல்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அந்த ஒரு முத்துக்குள்ளேயே ஏராளமான செல்கள் இருக்கின்றன.

படி 1: கொய்யாவில் உப்புப் போடுங்கள்

கொய்யாவை ஒரே கனத்தில் பத்துத் துண்டு போடுங்கள். ஐந்தை ஒரு தட்டில் சும்மா வையுங்கள். மற்ற ஐந்தின் மேல் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவுங்கள். ஆசாம் போய் என்ற புளிப்பு உலர்பழத் தூள் இருந்தால் அதையும் சேர்க்கலாம், அப்புறம் சாப்பிட ருசியாக இருக்கும். அரை மணி நேரம் கழித்து உப்புப் போட்ட தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும். துண்டை வளைத்தால் முறியாமல் துவளும். மற்றத் தட்டில் இருப்பது படக்கென்று முறியும்.

வெளியே உப்பு அதிகமானதால் செல்லுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. பை சுருங்கிவிட்டது, பெட்டி தளர்ந்துவிட்டது. சுவரோ பசையோ கெடவில்லை, தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான் போயிற்று. வெட்டி வைத்து லேசாக வாடிய கொய்யாவைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் மறுபடி மொறுமொறுப்பு ஏறுவதும் இதே கணக்குத்தான்.

கொய்யாவின் விதைப் பக்கம் பல்லில் மணல் மாதிரி நறநறவென்று படுகிறதே, அது வேறு வகைச் செல். சுவர் மிகவும் தடித்து, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி, செத்துப்போன செல்கள் அவை. கல் செல் என்றே சொல்கிறார்கள். பழம் எவ்வளவு கனிந்தாலும் அவை மட்டும் கனியாது.

படி 2: வாழையில் அயோடின் விடுங்கள்

மூன்று பக்குவத்து வாழையையும் குறுக்காக வெட்டுங்கள். ஒரு பங்கு அயோடின் மருந்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொன்றின் மேலும் சில சொட்டு விடுங்கள். தண்ணீர் கலக்காமல் விடாதீர்கள். முதல் தடவை நான் அப்படியே விட்டேன், மருந்தின் நிறமே எல்லாத் துண்டிலும் ஏறி வித்தியாசம் தெரியாமல் போனது.

பச்சைக்காய் கருநீலமாக மாறும். செங்காயில் அங்கங்கே திட்டாக நிறம் ஏறும். பழுத்ததில் மருந்தின் மஞ்சள் பழுப்பு மட்டுமே இருக்கும். கருநீலம் என்றால் மாவுச்சத்து. பச்சை வாழையின் எடையில் ஏறக்குறைய 20 சதவிகிதம் மாவுச்சத்துதான். பழுத்தபின் அது 1 அல்லது 2 சதவிகிதமாக இறங்கிவிடும், மீதியெல்லாம் சர்க்கரை. செல்லுக்குள் மாவு மணிகள் அடைத்துக்கொண்டிருந்ததும் காயின் கெட்டித்தன்மைக்கு ஒரு காரணம். பிசாங் தண்டோக் என்ற பொரிக்கும் வாழை பழுத்த பிறகும் மாவைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும், அதனால்தான் எண்ணெயில் போட்டாலும் குழையாமல் நிற்கிறது. மருந்து பட்ட துண்டுகளைச் சாப்பிடாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

படி 3: பசையைக் கவனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

செங்காயைக் கடிக்கும்போது பல் செல்களின் நடுவே புகுந்து அவற்றை உடைக்கிறது. பை கிழிந்து சாறு தெறிக்கிறது. நாம் கேட்கும் சத்தம் அந்தச் சுவர்கள் உடையும் சத்தம். பழம் கனியும்போது சில நொதிகள் பெக்டின் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. அப்புறம் கடித்தால் செல்கள் உடைவதில்லை, ஒன்றை விட்டு ஒன்று வழுக்கிப் பிரிகின்றன. ரொம்ப நாள் வைத்த ஆப்பிள் வாயில் மாவு மாதிரி உலர்ந்து படுகிறதே, அதில் தண்ணீர் இல்லாமல் இல்லை. செல்கள் முழுசாகப் பிரிந்து வருவதால் சாறு உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது, நாக்குக்கு எட்டுவதில்லை. இது தெரிந்த நாளிலிருந்து நான் பழத்தை வேறு மாதிரிதான் கடிக்கிறேன்.

சரி, செய்து பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய விடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, செங்காய்ப் பப்பாளித் துண்டுகளை இரண்டு மணி நேரம் ஊறப் போடுங்கள். அதே நேரம் இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீரில் சில துண்டுகள். பிறகு இரண்டையும் மூன்று முறை நன்றாகக் கழுவி, தனித்தனிச் சட்டியில் சர்க்கரைப் பாகில் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வெறும் தண்ணீரில் ஊறியது குழைந்துவிடும். சுண்ணாம்பு நீரில் ஊறியது வடிவம் மாறாமல் நிற்கும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் பெக்டின் இழைகளுக்கு இடையே பாலம் போட்டு இறுக்கிவிட்டது. மாங்காய் ஜெருக் (ஊறுகாய்) போடும் மலாய்க்கார மக்சிக்குகள் (அத்தைமார்) ஆயர் காப்பூரில், அதாவது சுண்ணாம்பு நீரில், ஊற வைப்பதும் இதற்காகத்தான்.

இதே பசை கரைவதை எங்கள் அப்பா வேறோர் இடத்தில் தினமும் பார்த்தார். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். பழம் உதிர்ந்து கிடந்தால்தான் நீண்ட கம்பு அரிவாளைக் குலைக்குக் கொண்டுபோவார். பழத்தின் காம்படியில் ஒரு மெல்லிய அடுக்குச் செல்கள் இருக்கின்றன. பழுத்ததும் அவற்றுக்கு இடையிலான பசை கரைந்து பழம் தானாகக் கழன்று விழுகிறது. அப்படி விழுந்து நசுங்கிய பழத்தில் இன்னொன்றும் நடக்கும். செல்லுக்குள் எண்ணெய் ஓரிடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கும். செல் நசுங்கினால் இரண்டும் கலந்து எண்ணெய் கெட ஆரம்பிக்கும். லோரி அவ்வளவு அவசரமாக ஆலைக்குப் போவதும், ஆலையில் முதல் வேலையாகக் குலையை நீராவியில் வேக வைப்பதும் அந்த நொதியை அடக்கத்தான்.

படி 4: தோலைப் பாருங்கள்

தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் இருக்கிறது. தண்ணீர் வெளியேறாமல் காப்பது அதுதான். சமையல் தராசு இருந்தால் ஒரு பொமலோவையும் ஒரு கொத்து ரம்புத்தானையும் நிறுத்து மேசையில் வைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி நிறுங்கள். பொமலோவின் எடை அதிகம் குறைந்திருக்காது. ரம்புத்தான் இளைத்து, முடி கருத்துப் போயிருக்கும். அந்த முடியில் காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகள் நிறைய உண்டு, அந்த வழியாகத்தான் தண்ணீர் போகிறது. அதனால் ரம்புத்தானை ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

வாழையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் தோல் செல்லின் விவகாரம்தான். ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் செல்லின் உள் சவ்வுகள் பழுதாகி, பிரிந்திருக்க வேண்டிய பொருளும் நொதியும் கலந்து தோல் கருக்கும். ஏற்கெனவே பழுத்தது என்றால் தோல்தான் கருக்கும், உள்ளே சாப்பிடலாம். பச்சைக் காயை வைத்துவிட்டால் அது அப்புறம் சரியாகப் பழுக்கவே பழுக்காது.

படி 5: அரிசி டின்னுக்கு வருவோம்

ஒரு காகிதப் பையில் இரண்டு பச்சை வாழையும் ஒரு நல்ல பழமும். இன்னொரு பையில் இரண்டு பச்சை வாழை மட்டும். வாயை மடித்து வைத்துத் தினமும் திறந்து பாருங்கள். பழத்தோடு வைத்தது முந்திக்கொள்ளும்.

பழம் எத்திலின் என்ற வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பக்கத்துக் காயின் செல்களைத் தொட்டதும் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி, பசையைக் கரைக்கும் நொதி, பச்சையத்தை அழிக்கும் நொதி எல்லாம் விழித்துக்கொள்கின்றன. காயும் எத்திலினை விட ஆரம்பிக்கிறது. விளக்கு எரிக்கும் வாயுவில் செடியைப் பாதிப்பது எத்திலின்தான் என்று 1901-இல் ரஷ்யாவில் டிமிட்ரி நெல்யுபோவ் கண்டுபிடித்தார். பழுத்த ஆப்பிளே அதை உண்டாக்குகிறது என்று 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். அம்மாவின் டின் அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டாதீர்கள். பழுக்கவும் காய்க்கு மூச்சு வேண்டும்.

வாழை, பப்பாளி, மாங்காய், சிக்கு (சப்போட்டா), பலா இவையெல்லாம் பறித்த பிறகும் இப்படிப் பழுக்கும். ரம்புத்தான், பொமலோ, அன்னாசி, தர்ப்பூசணி அப்படியில்லை, பறித்தபோது இருந்த இனிப்புத்தான் கடைசிவரை. இவற்றைக் காயாக வாங்கி வந்து டின்னில் வைத்துப் பயனில்லை.

கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஈரத்தில் விடும் அசெட்டிலின் வாயு எத்திலின் மாதிரியே வேலை செய்யும். ஆனால் அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே காயாகவே இருப்பதும் உண்டு. மூன்று நாள் பொறுத்தால் கிடைப்பதற்கு நஞ்சு எதற்கு?

மங்குஸ்தான் பருவத்தில் இன்னொரு சோதனையும் செய்யலாம். சந்தையில் ஒவ்வொரு பழத்தின் தோலையும் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் கூடையில் போடுங்கள். கல் மாதிரி இருப்பது பெரும்பாலும் கீழே விழுந்து அடிபட்டதாக இருக்கும், இல்லையென்றால் பறித்து ரொம்ப நாளானதாக இருக்கும். அடிபட்ட இடத்துத் தோல் செல்கள் சுவரில் லிக்னினை ஏற்றி இறுகிவிடுகின்றன, கொய்யாவின் கல் செல் மாதிரியே. அப்படி ஒன்றையும் கூடவே வாங்கி வந்து வெட்டிப் பாருங்கள். அடிபட்ட பக்கத்தில் கத்தி இறங்க எவ்வளவு சிரமப்படுகிறது என்று கையே சொல்லும்.