எதிலும் ஒட்டாத பிள்ளைக்குக் கோடிங்: பழுதான விளையாட்டிலிருந்து தொடங்குங்கள்

"எதை வாங்கிக் கொடுத்தாலும் ரெண்டு நாள்தான். கோடிங் கிளாஸ்ல போட்டா மாறுவானா?" பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. வகுப்பில் சேர்த்துவிடுவதால் மட்டும் யாரும் மாறுவதில்லை. ஆனால் கோடிங்கில், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதுவதில், ஒரு வசதி உண்டு: செய்தது சரியா தவறா என்பதைத் திரையே அந்தக் கணத்தில் காட்டிவிடும், யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எழுதிய பரீட்சை திருத்தி வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு திட்டும் வாங்கிச் சலித்த பிள்ளைக்கு இது புது அனுபவம். நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். அடுத்தவர் எழுதியதில் கோளாறு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நான் சொல்லும் வழியிலும் அந்த வாடை அடிக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 'ஆர்வமே இல்லை' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் தூக்கக் குறைவு, பார்வைக் கோளாறு, எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் சிரமம், பள்ளியில் யாரோ கேலி செய்வது என்று எதுவும் இருக்கலாம். முன்பு ஆசையாகச் செய்ததையும் விட்டுவிட்டு, சாப்பாடும் தூக்கமும் மாறி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதற்குக் கோடிங் மருந்தில்லை.

அப்படி ஒன்றும் இல்லை, பிள்ளைக்குச் சலிப்புதான் என்றால் மேலே படியுங்கள்.

பெரும்பாலோர் செய்வது, வெறும் திரையைக் காட்டி "உனக்குப் பிடிச்சதைச் செய்" என்பது. எதுவும் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளையிடம் இதைவிட மோசமாகத் தொடங்க முடியாது. சலித்துப் போன பிள்ளைக்குக் கைவந்த கலை குறை சொல்வது. அதையே வேலையாகக் கொடுங்கள். நீங்களே ஒரு விளையாட்டைச் செய்து, வேண்டுமென்றே கெடுத்துவைத்து, "இதுல என்னென்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லு" என்று நீட்டுங்கள்.

இதற்கு ஸ்கிராட்ச் என்ற கோடிங் மென்பொருள் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப்பில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, இலவசம். கட்டளைகள் வண்ணத் துண்டுகளாக இருக்கும், இழுத்து ஒட்டவைத்தால் போதும். எழுத்துப் பிழையால் நின்றுபோகும் எரிச்சல் இல்லை. 8 வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்தது இது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது.

மேலிருந்து ஆப்பிள் விழ வேண்டும், கீழே ஒரு கிண்ணம் அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு படங்களும் ஸ்கிராட்சின் படத்தொகுப்பிலேயே கிடைக்கும். மேடை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம், நடுப்புள்ளி பூஜ்யம். ஆகவே ஆப்பிள் 180 உயரத்தில் தொடங்கி, திரும்பத் திரும்ப 5 புள்ளி கீழே இறங்கினால் விழுவதுபோல் தெரியும். வலது அம்புக்குறியை அழுத்தினால் கிண்ணம் 10 நகர வேண்டும், இடதுக்கு மைனஸ் 10. கிண்ணத்தைத் தொட்டால் ஸ்கோர் ஒன்று கூடி, ஆப்பிள் மறுபடி மேலே போக வேண்டும். தரையைத் தொட்டாலும் மேலே போக வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தும்போது ஸ்கோர் பூஜ்யமாக வேண்டும். அவ்வளவுதான்.

இனி கெடுக்கும் வேலை. இடது அம்புக்குறியின் மைனஸை எடுத்துவிடுங்கள், எதை அழுத்தினாலும் கிண்ணம் வலப்பக்கமே ஓடும். ஸ்கோரைப் பூஜ்யமாக்கும் துண்டைக் கழற்றுங்கள், பழைய ஸ்கோரிலிருந்தே ஆட்டம் தொடரும். தரையைத் தொட்டதும் மேலே அனுப்பும் பகுதியை நீக்குங்கள், தவறவிட்ட ஆப்பிள் கீழேயே கிடக்கும். கடைசியாக, கிண்ணத்தில் பட்டதும் மேலே அனுப்பும் துண்டையும் எடுத்தால் வேடிக்கை: ஆப்பிள் கிண்ணத்தைத் தொட்டபடி இறங்கும் நேரமெல்லாம் ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும்.

என் அக்கா மகளிடம் இதைக் கொடுத்தபோது முதல் கோளாறை உடனே பிடித்துவிட்டாள். "யாரு செஞ்சது இது? இடதுபக்கம் போகவே மாட்டேங்குது" என்று ஏளனம் வேறு. கடைசிக் கோளாறை மட்டும் சரிசெய்ய மறுத்துவிட்டாள். "இது தப்பு இல்ல சித்தி, போனஸ்." சரி, போனஸ் என்றால் எப்போதும் வரக் கூடாதே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் ஆப்பிளுக்குத் தங்க நிறம் பூசி, பத்தில் ஒரு முறை மட்டும் அது வரும்படி செய்ய முடியுமா என்று கேட்டாள். 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுத்துத் தரும் துண்டை அப்போதுதான் காட்டினேன். அவளாகக் கேட்டதற்குப் பதிலாக வந்ததால் அது மனதில் நின்றது. அதே துண்டைப் பாடமாக நடத்தியிருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு தாளும் வையுங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்று வரி: எதை அழுத்தினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எழுதுவதும் இதேதான். "இது சரியில்ல" என்ற புலம்பல், "இந்த இடத்தில் இது சரியில்லை" என்று துல்லியமாவது இந்த மூன்று வரியில்தான்.

மவுஸ் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். இதைக் கடைப்பிடிப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம், அதிலும் கணினி தெரிந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். பிள்ளை முழித்தால் விடையைச் சொல்லாமல், "எந்தத் துண்டைக் கழட்டினா இது நிக்கும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். வெகுநேரம் மாட்டிக்கொண்டால் பாதிக் குறிப்பு கொடுங்கள்.

பரிசு ஆசை காட்ட வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. படம் வரைய ஆசைப்படும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு இஷ்டப்படி விளையாடவிட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்த சான்றிதழ் அப்படிக் கெடுக்கவில்லை. ஆகவே "இதை முடிச்சா அது வாங்கித் தரேன்" என்ற பேரம், லேசாகத் துளிர்க்கும் ஆர்வத்தைத்தான் முதலில் தின்னும்.

ஸ்கிராட்ச் கைக்குப் பழகியதும், கட்டளைப்படி திரையில் நகரும் ஆமையைக் காட்டலாம். 1967-இல் ஃபியூர்சைக், பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியோடு பிரபலமான ஆமை அது. இன்று பைத்தான் என்ற கணினி மொழியுடன் சேர்ந்தே வருகிறது. முன்னே போ, திரும்பு என்றால் கோடு வரையும். சம பக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். மூலைக்கு 60 பாகை என்று பள்ளியில் படித்ததை நம்பிப் பிள்ளை 60 என்று கொடுக்கும். ஆமையோ மூன்று கோட்டில் அறுகோணத்தின் பாதியை வரைந்துவிட்டு நிற்கும். உடனே திருத்தாதீர்கள். எழுந்து தரையில் அந்த முக்கோணத்தை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் 120 தானாக வரும்.

இதனால் கணக்கில் மதிப்பெண் ஏறிவிடுமா? எதிர்பார்க்காதீர்கள். ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-இல் எழுதியதைப் பாருங்கள்: ஓராண்டு லோகோ படித்த பிள்ளைகள், திட்டமிடும் வேலைகளில் படிக்காதவர்களைவிட மேலாக இல்லை. கோடிங்கில் வந்த சுறுசுறுப்பு வீட்டுப்பாடத்துக்குத் தானாகத் தாவாது. கிடைப்பது வேறு: முயன்றால் ஒன்று நடக்கிறது என்பதைப் பிள்ளை தன் கையால் பார்க்கிறது.

கோளாறு கண்டுபிடிப்பதும் பிடிக்கவில்லை, படம் வரைவதும் ஒலி பதிவதும் மட்டும் பிடிக்கிறது என்றால் அதைச் செய்யட்டும். விளையாட்டுக்கு அவையும் வேண்டும். எதுவுமே பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

பிடித்துப்போனால் வரும் தொல்லை வேறு. ஸ்கிராட்ச் தளத்தில் மற்றவர்கள் போட்ட விளையாட்டுகள் ஏராளம். பிள்ளை செய்வதை விட்டுவிட்டு ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரே விதி: எதை ஆடினாலும் அதன் உள்ளே திறந்து பார்த்து, ஒன்றையாவது மாற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.