புரொஜெக்டர் ரிமோட்டை மவுஸாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

எச்டிஎம்ஐ கேபிளில் படம் வந்துவிட்டது, இனி ரிமோட்டை அழுத்தினால் லேப்டாப்பில் அம்புக்குறி நகரும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ரிமோட் லேப்டாப்போடு பேசுவதே இல்லை. அது அனுப்பும் அகச்சிவப்புக் கதிரைப் புரொஜெக்டர் வாங்குகிறது; வாங்கியதை யூஎஸ்பி கேபிள் வழியே மவுஸ் அசைவாக லேப்டாப்புக்குக் கொடுக்கிறது. எச்டிஎம்ஐயும் விஜிஏவும் படத்தோடு சரி. மவுஸுக்கு இன்னொரு கேபிள் வேண்டும்.

அந்தக் கேபிளில்தான் குழப்பம் அதிகம். பல புரொஜெக்டர்களில் இதற்கான போர்ட் சதுர வடிவில் இருக்கும் (டைப் பி). பிரிண்டருக்குப் போடுகிற அதே கேபிள் போதும். சில மாடல்களில் மினி யூஎஸ்பி. பக்கத்திலேயே இருக்கும் தட்டையான போர்ட் பென் டிரைவுக்கானது. இரண்டு முனையும் தட்டையாக இருக்கும் கேபிளை வாங்கி அதில் செருகக் கூடாது. மவுஸ் வேலை செய்யாது என்பதோடு, இரு பக்கமும் 5 வோல்ட் கொடுக்கிற போர்ட்டுகளை முட்டவிடுவதாகவும் ஆகிவிடும். மினி யூஎஸ்பி என்றால் டிராயரில் கிடக்கும் பழைய சார்ஜர் கேபிளை நம்ப வேண்டாம். பலவற்றில் மின்சாரம் போகும், டேட்டா போகாது.

சரியாக இணைந்ததா என்று பார்க்க, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரை (லேப்டாப்போடு இணைந்த கருவிகளின் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். மவுஸ் பட்டியலில் புதிதாக ஒன்று சேர வேண்டும். பொதுவாக டிரைவர் எதுவும் தேவையில்லை. சேரவில்லையென்றால் புரொஜெக்டர் மெனுவைப் பாருங்கள். எப்சன் நிறுவனத்தின் பல மாடல்களில் ‘எக்ஸ்டெண்டட்’ மெனுவுக்குள் ‘யூஎஸ்பி டைப் பி’ என்று ஒன்று இருக்கும். அது ‘வயர்லெஸ் மவுஸ்’ என்று மாற்றப்பட்டிருக்க வேண்டும். எல்லாப் புரொஜெக்டரிலும் இந்த வசதி இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். மலிவான பல மாடல்களில் கிடையாது, அவற்றின் யூஎஸ்பி போர்ட் சர்வீஸுக்கு மட்டுமே. வாங்கும் முன் மேனுவலில் தேடிப் பாருங்கள்.

கூரையில் மாட்டிய புரொஜெக்டருக்கு இரண்டு மூன்று கேபிளை ஒட்டுப்போட்டு இழுப்பது அடுத்த வம்பு. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் சோதிக்கும்போது ஓடும், கூட்டத்தின் நடுவே அறுந்துபோகும். இடையில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் உள்ள ஆக்டிவ் கேபிள் வாங்கலாம். ஆனால் ஸ்லைடு தள்ளுவது மட்டும்தான் தேவை என்றால், டாங்கிளோடு (லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) வரும் பிரசண்டர், அதாவது ஸ்லைடு மாற்றும் தனி ரிமோட் ஒன்றை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். தொங்கும் வயரும் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் அம்பு அசையவில்லையா? புரொஜெக்டரின் மெனு திரையில் திறந்திருந்தால் அம்பு பட்டன்கள் மெனுவுக்குள்தான் ஓடும். படத்தைப் பெரிதாக்கியிருந்தால் படத்தை நகர்த்தும். ‘ஃப்ரீஸ்’ இதைவிட மோசம்: திரையில் படம் உறைந்து நிற்கும், லேப்டாப்பில் அம்பு ஓடிக்கொண்டே இருக்கும். விவரம் தெரியாமல் நான்கைந்து முறை அழுத்தினால், ஃப்ரீஸை எடுத்ததும் ஐந்து ஸ்லைடு தள்ளி நிற்பீர்கள். லேப்டாப்பும் புரொஜெக்டரும் தனித்தனித் திரைகளாக இயங்கும் ‘எக்ஸ்டெண்ட்’ முறையில் அம்பு லேப்டாப் திரையிலேயே தங்கிவிடலாம். விண்டோஸ் கீயோடு ‘பி’யை அழுத்தி இரண்டிலும் ஒரே படம் காட்டும் ‘டூப்ளிகேட்’டுக்கு மாற்றுங்கள்.

எப்சன் ரிமோட்டில் பொதுவாக ‘என்டர்’ இடது கிளிக், ‘எஸ்கேப்’ வலது கிளிக். விண்டோஸில் இடக்கைப் பழக்கத்துக்காக மவுஸ் பட்டன்களை மாற்றி வைத்திருந்தால் ரிமோட்டிலும் இரண்டும் மாறிவிடும். ‘பேஜ் அப்’, ‘பேஜ் டவுன்’ பட்டன்கள் லேப்டாப் திரையில் முன்னால் இருக்கும் விண்டோவுக்குத்தான் போகும். ஸ்லைடுஷோவுக்கு மேல் ஏதாவது அறிவிப்புப் பெட்டி வந்து நின்றால் ஸ்லைடு நகராது. முதலில் ஸ்லைடின் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள். இந்த ரிமோட்டால் படம் வரையவோ, எக்செலில் செல்களை இழுத்துத் தேர்வு செய்யவோ முயல வேண்டாம். முடியும், ஆனால் பார்ப்பவர்களின் பொறுமை போய்விடும்.

ரிமோட்டை லேப்டாப்பை நோக்கி நீட்டாதீர்கள். கதிர் போய்ச் சேர வேண்டியது புரொஜெக்டரின் சென்சாருக்கு. சென்சார் உங்கள் கண்ணில் படாவிட்டால் வெள்ளைத் திரையை நோக்கி அழுத்திப் பாருங்கள், எதிரொளித்தும் சென்று சேரும். ஜன்னல் வெயில் சென்சாரில் நேராக விழுந்தால் தூரம் குறையும். ரிமோட்டிலேயே சந்தேகம் இருந்தால், அதன் முனையை மொபைலின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான மொபைல்களில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மினுக்கும். மங்கலாக இருந்தால் இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள்.