ரெண்டு சபை உள்ள பாராளுமன்றத்த எப்பிடி படிக்கிறது: ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளைங்களுக்கு

அரசியல் விஞ்ஞானம் எடுத்திருக்கிற நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க நெறய பேரு ஈரவை சட்டமன்றம்னு வந்தா மேல்சபை, கீழ்சபைன்னு பேர மட்டும் பாடமாக்கிட்டுப் போயிர்றாங்க. அது பத்தாது பிள்ளைங்களா. கொழுந்த மலையில ஒருக்கா நிறுக்கிறாங்க, பெக்டரிக்குப் போனா இன்னொருக்கா நிறுக்கிறாங்க இல்லயா, ரெண்டு எடத்துலயும் ஒரே ஆளு ஒரே தராச புடிச்சிருந்தா ரெண்டாவது தடவ நிறுத்து என்ன பிரயோசனம்? அதனால எந்த நாட்டப் படிச்சாலும் மொதல்ல பாக்க வேண்டியது, ரெண்டாவது சபைக்கு ஆள அனுப்புறது யாருங்கிறதுதான்.

கொப்பில நடுவுல ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் கீழ்சபை ஒரு பக்கம் மேல்சபைன்னு எழுதிக்கோங்க. இந்தியாவ எடுத்தா லோக்சபாவுக்கு 543 பேர மக்களே நேரா ஓட்டுப் போட்டு அனுப்புறாங்க, ராஜ்யசபாவுக்கு பெரும்பாலும் மாநில எம்எல்ஏமார்தான் தெரிவு செய்யுறாங்க, அதோட 12 பேர ஜனாதிபதி நியமிக்கிறாரு. அமெரிக்காவுல மாநிலம் பெருசோ சிறுசோ மேல்சபையான செனட்டுக்கு மாநிலத்துக்கு ரெண்டு பேர், மொத்தம் 100.

அடுத்தது எப்ப வெளிய போறாங்கன்னு பாருங்க. ராஜ்யசபாவ கலைக்க ஏலாது, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூணுல ஒரு பங்கு பேரு போவாங்க. இதனால புது அரசாங்கம் வந்தாலும் மேல்சபையில பழைய ஆளுங்க கொஞ்ச காலம் இருப்பாங்க.

அப்புறம், எத தடுக்க முடியும்? காசு சம்பந்தப்பட்ட மசோதாவ ராஜ்யசபா 14 நாளைக்கு மேல வச்சிருக்க ஏலாது, இங்கிலாந்து பிரபுக்கள் சபைக்கு ஒரு மாசம்தான். வரவு செலவு கீழ்சபை கையிலன்னு எழுதுனீங்கன்னா அந்த எடத்துல புள்ளி வந்துரும்.

இப்ப நம்ம இலங்கைக்கு வாங்க, இதத்தான் நான் வகுப்புல ரொம்ப நேரம் சொல்லுவேன். 1947ல இருந்து நமக்கும் செனட் இருந்திச்சு, 30 பேரு. 15 பேர கீழ்சபையான பிரதிநிதிகள் சபை தெரிவு செஞ்சிச்சு, மத்த 15 பேர பிரதமர் சொல்லுறபடி பிரித்தானிய முடியோட பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமிச்சாரு. 1960ல பிரதமரான சிறிமாவோ அம்மா செனட் உறுப்பினரா இருந்துதான் அந்தப் பதவிய வகிச்சாங்க. அதே 1947 தேர்தல்ல நுவரெலியாவுல தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஐயா ஜெயிச்சி பிரதிநிதிகள் சபைக்குப் போனாரு, ஆனா அடுத்த வருசமே 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளியான நம்ம தாத்தா பாட்டிமாரு நாடில்லாதவங்களா ஆனாங்க. அப்ப ரெண்டு சபையும் இருந்திச்சு, செனட் தடுக்கல. ஏன்னு உங்க கொப்பப் பாத்தா வெளங்கும்: பாதிப் பேரு பிரதமர் சொல்லி வந்தவங்க, மீதிப் பேரு கீழ்சபை அனுப்புனவங்க, தராசு புடிச்ச கை மாறவே இல்ல. சின்ன இனத்துக்கு செனட் பாதுகாப்புன்னு புத்தகத்துல இருக்கிறத அப்பிடியே எழுதாம இந்த உதாரணத்தயும் சேத்து எழுதுங்க, இது நம்ம கதை, நம்மதான் எழுதணும்.

1971 ஒக்டோபர்ல செனட்ட ஒழிச்சிட்டாங்க, இப்ப ஒரே சபை, 225 பேரு, அதுல 29 பேரு தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுக்க கட்சிங்க எடுத்த வாக்குக்கு ஏத்த மாதிரி வர்றவங்க.

கடைசியா ஒரு பயிற்சி. 2017ல புது அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கையில 55 பேர் கொண்ட ரெண்டாவது சபை ஒண்ணு யோசனையா வந்திச்சு, மாகாண சபைங்கள்ல இருந்து மாகாணத்துக்கு 5 பேருன்னு 45, பாராளுமன்றத்துல இருந்து 10. நம்ம ஆளுங்க இருக்கிற மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணம் மூணயும் கொப்பில தனித்தனியா எழுதி, அந்த அஞ்சு பேர எந்த முறையில தெரிவு செஞ்சா நம்ம ஆளு ஒருத்தராவது வருவாங்கன்னு போட்டுப் பாருங்க. மாகாண சபையில கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கே அஞ்சும்னு ஒரு தடவ, கட்சிங்களோட பலத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சி ஒரு தடவ. ரெண்டு விடையும் வேற வேறயா வரும்.