முதல் பேஸ் கிட்டார் வாங்கும் வடசென்னைக்காரருக்கு

பேஸ் கிட்டார் வாங்குவது பற்றி என்னிடம் கேட்க வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்கள். மீதிப்பேர் கல்யாண வரவேற்பிலும் ஆடி மாதக் கூழ்வார்த்தல் மேடையிலும் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் இடம் பிடிக்க நினைப்பவர்கள். எல்லோரும் "எந்த கம்பெனி வாங்கலாம்ணே?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் பதிலுக்கு, எங்கே வாசிக்கப் போகிறாய் என்று கேட்பேன். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ தெருமுனையில் போட்ட மேடையில், தலைக்கு மேல் சீரியல் விளக்குகளும் பக்கத்தில் ஜெனரேட்டரும் இருக்கும் இடத்தில் வாசிக்கப் போகிறவர், குளிரூட்டிய ஸ்டுடியோவில் அமர்ந்து பேசுகிறவர்களின் பரிந்துரையைக் கேட்டு வாங்கினால் முதல் நாளே வருத்தப்பட நேரும்.

அந்த வருத்தம் பெரும்பாலும் பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருளிலிருந்து, வரும். பேஸ் கிட்டாரில் இரண்டு பழைய வார்ப்புகள் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் ஒன்று. ஆளுயர டபுள் பேஸில் விரலை வைத்துத் தேட வேண்டிய சுரத்தை, கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட் இருப்பதால் துல்லியமாகப் பிடிக்கலாம் என்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் மற்றொன்று. இன்று விற்கும் மலிவான பேஸ்களிலும் இவற்றின் சாயலே அதிகம். பிரிசிஷன் வகையில் 1957 முதல் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஜாஸ் வகையில் இரண்டு தனித்தனிப் பிக்கப்புகள் இருக்கும். இரண்டையும் சம அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்ற உறுமல் தொடங்கிவிடும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் அந்த உறுமல் பல மடங்காகும். ஆகவே முதல் பேஸ் பிரிசிஷன் வகையாக இருக்கட்டும், அல்லது இரண்டும் கலந்த பி.ஜே. வகையாக இருக்கட்டும் என்பது என் கட்சி. ஜாஸ் பேஸின் ஒலி இனிமையானது என்பதை நான் மறுக்கவில்லை.

நான்கு கம்பி போதும். ஐந்தாவது கம்பியை மூன்று வருடம் கழித்து நினைத்துக்கொள்ளலாம். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம்; கை சிறியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைக்கிறது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆக்டிவ் வகைக்கும் பாசிவ் வகைக்கும் உள்ள வேறுபாட்டை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய சர்க்யூட் இருக்கும். கேபிளை ஜாக்கில் செருகிய கணத்திலிருந்து, நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், அந்தப் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வியாசர்பாடியில் ஒரு கோயில் மேடையில் நான்காவது பாட்டில் என் பேஸ் கரகரத்தது, ஐந்தாவது பாட்டின் பல்லவியில் அடங்கிப்போயிற்று. முந்தைய இரவு ஒத்திகை முடிந்து கேபிளைக் கழற்றாமல் தூங்கப்போனவன் நான்தான். பேட்டரி வாங்க ஓடிய பையன் பெட்டிக்கடையில் இருந்த பென்சில் செல் இரண்டோடு திரும்பி வந்தான். கடைசியில் மைக் செட்காரர் தன் பழைய கார்ட்லெஸ் மைக்கின் அடிமூடியைத் திருகி, உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியைப் பிடுங்கிக் கொடுத்தார். முதல் பேஸ் பேட்டரி தேவைப்படாத பாசிவாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு அந்த இரவு காரணம்.

கடைக்குப் போகும் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் இசைக்கருவிக் கடைகள் குறைவு. இருப்பவற்றிலும் பேஸ் ஒன்றோ இரண்டோதான் தொங்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைவாசிகள் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் அண்ணா சாலையும் ரிச்சி தெருவும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் அண்ணா சாலையில்தான் இருக்கிறது. எந்தக் கடையானாலும் கூட்டம் இல்லாத வாரநாள் காலையில் போங்கள். விற்பனையாளர் முதல் வேலையாக பேஸை ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, பேஸ் குமிழை முழுதாகத் திருகி, தனக்குத் தெரிந்த ஒரே வாசிப்பை மின்னல் வேகத்தில் வாசித்துக் காட்டுவார். அதில் மயங்காமல், ஆம்ப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, கருவியை மடியில் வைத்து வெறுமனே வாசித்துப் பாருங்கள்.

நல்ல மரமும் நல்ல பொருத்தமும் உள்ள பேஸில், ஆம்ப் இல்லாமலேயே, நான்கில் தடித்ததான ஈ கம்பியைச் சுண்டினால் அதிர்வு உடலின் வழியாக உங்கள் விலா எலும்பில் தெரியும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃபிரெட்டிலிருந்து கடைசி ஃபிரெட் வரை ஒவ்வொரு சுரமாக நிதானமாக வாசியுங்கள். எங்காவது சுரம் சட்டென்று செத்துப்போகிறதா, கம்பி ஃபிரெட்டில் உரசி இரைகிறதா என்று கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும், கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நெக்கின் (கழுத்துப் பகுதியின்) ஓரத்தில் விரலை மேலும் கீழுமாக ஓட்டி, ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றனவா என்று பாருங்கள். வாரில் மாட்டி நின்று இரண்டு கையையும் விடுங்கள். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தால் அந்தக் கருவியை மூன்று மணி நேரக் கச்சேரியில் இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு ஆம்ப்பில் செருகி, குமிழ்கள் அனைத்தையும் நடுவில் வைத்து, கேபிள் முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். ஜாக் தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு கடையில் நான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "வாங்குறதா இருந்தா வாங்குங்க சார், இது லைப்ரரி இல்ல" என்றார்கள். நான் வாங்கவில்லை. அந்த பேஸின் மிக மெல்லிய கம்பியான ஜி கம்பியில் பதினோராவது ஃபிரெட் செத்திருந்தது.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்றால் 15,000-க்குள் கிட்டாரை முடித்துக்கொள்ளுங்கள். மீதி நல்ல கேபிளுக்கும் அகலமான வாருக்கும் டியூனருக்கும், நெக்கையும் கம்பி உயரத்தையும் சீர்செய்யும் செட்டப்புக்கும் போக வேண்டும். கிட்டாரின் விலையைக் கூட்டி, செட்டப்பை விட்டுவிடுகிறவர்களே அதிகம். அவர்கள்தாம் ஆறு மாதத்தில் விரல் வலிக்கிறது என்று கருவியைப் பரணில் ஏற்றுகிறார்கள். பழைய கருவி வாங்குவதானால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழ்ப்புறத்திலிருந்து ஒரு கண்ணை மூடித் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பார்த்தால் தெரியும். முறுக்கிய நெக்கைச் சரிசெய்வது பெரும்பாடு, மற்றபடி கரகரக்கும் குமிழையும் தளர்ந்த ஜாக்கையும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கி மாற்றிவிடலாம்.

செட்டப்பை நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊரின் காற்று. ஐப்பசி அடைமழையில் மரம் ஈரத்தை வாங்கி நெக் ஒரு நிலைக்குப் போகும், தை பிறந்ததும் வேறு நிலைக்கு வரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தாக வேண்டும். முதலில் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டு, ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு, அதாவது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், நுழையும் அளவு இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை அலன் கீ செருகும் பக்கத்திலிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் எதிர்ச்சுற்றில் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருகிவிட்டு மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் வரை விட்டுவிடுங்கள், ஏனென்றால் மரம் உடனே நகராது. இறுகி நின்றுவிட்ட ராடைப் பலம் கொண்டு திருகினால் அது உள்ளேயே முறியும்.

நெக் சரியான பிறகுதான் கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஈ கம்பி 2.5 மில்லிமீட்டரும் ஜி கம்பி 2 மில்லிமீட்டரும் உயர்ந்திருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். என்னைப்போல் அழுத்தி வாசிப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கடைசியாக, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் எழுப்பும் ஹார்மோனிக்கையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் அந்தக் கம்பியின் சேடிலை, அதாவது உடல் பக்கத்தில் கம்பி அமரும் சிறு உலோகத் துண்டை, பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னுக்கு.

காசிமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கம்பி தனிக் கவலை. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் புதுக் கம்பியின் பளபளப்பு சில வாரங்களில் போய், ஜி கம்பியில் பழுப்புப் பொட்டுகள் தோன்றிவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். பையின் உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டு கிடக்கட்டும். அழுக்கேறிய கம்பியைக் கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்தால் ஒலி திரும்புவது உண்மைதான், ஆனால் அது நீண்ட நாள் நிற்காது. துருவை அது போக்குவதும் இல்லை. பழைய கம்பியின் மங்கல் ஒலி பிடித்திருந்தால் மாற்றாமலும் இருக்கலாம். டெட்ராயிட்டின் மோடவுன் இசைக் கம்பெனியின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பியை மாற்றுவதையே வெறுத்தவர். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுக் கம்பிகள் வருடக்கணக்கில் கிடந்தன. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்தே அவர் வாசித்தார்.

ஆம்ப் வாங்க அவசரம் வேண்டாம். ஈ கம்பியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். பத்தடிக்குப் பத்தடி அறையில் அந்த ஒலி மூலைகளில் குவிந்து உறுமுமே தவிரத் தெளிவாகக் கேட்காது, பக்கத்து வீட்டு அக்காவின் சுவரைத்தான் அசைக்கும். ஹெட்போன் ஆம்ப் ஒன்று போதும். ஒலியே இல்லாமல் வெறும் கருவியில் பழகுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காக வலது கை தானாகவே ஓங்கி அடிக்கப் பழகிவிடுகிறது, பிறகு மேடையில் எல்லாச் சுரமும் தடதடக்கிறது.

மேடையில் பெரும்பாலும் டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத ஜெனரேட்டர் இணைப்பில், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தால் ஷாக் அடிக்கும். எனக்குப் புளியந்தோப்பில் ஒரு முறை அடித்து, நாக்கில் இரண்டு நாள் உலோகச் சுவை இருந்தது. வாசிக்கும் முன் டெஸ்டரை மைக்கின் வலையிலும் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். உறுமல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள், அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற ஸ்விட்ச் அதற்காகவே இருக்கிறது.

வாசிப்பில் நம் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு உரிய பாடம் கட்டை, அதாவது பாடும் சுருதி. பாடகர் மேடையேறிய பிறகுதான் "இன்னைக்கு தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார். திறந்த கம்பிகளை நம்பிப் பழகியவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். ஈ கம்பியில் திறந்த சுரம் 3 கட்டை, முதல் ஃபிரெட் 4, மூன்றாவது 5, ஐந்தாவது 6, ஏழாவது 7, எட்டாவது 1, பத்தாவது 2 கட்டை என்று மனப்பாடம் செய்து, ஒரே வாசிப்பை விரல் வடிவம் மாறாமல் எல்லா இடத்திலும் நகர்த்திப் பழகுங்கள்.

கானாவுக்கும் குத்துப் பாட்டுக்கும் வாசிக்கும்போது சுரங்களைக் குறையுங்கள். ஆறு எட்டுத் தாளத்தில் ரிதம் பேடின் கனத்த அடியும் தும்பாவும் பேஸ் உட்காரும் அதே அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்களும் அங்கே நிரப்பினால் மூன்றும் சேர்ந்து சேறாகிவிடும். முதல் எண்ணிக்கையிலும் நான்காவதிலும் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் வைத்து, அடுத்த அடி விழும் முன்பே இடது கையால் கம்பியை அடக்குங்கள். எங்கே எழுப்புகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் கூட்டத்தின் கால் ஆடுகிறது. இதற்கு மாறாக, இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். அதை வாசிக்கப் பழகும் முன் வாயால் பாடிப் பழகுங்கள். வாயில் வராத வரிகள் விரலில் வருவதை நான் பார்த்ததில்லை.

மைக் செட்காரர் பேஸ் என்றதும் அடி ஒலியை முழுதாக ஏற்றிவிடுவார். அண்ணே, கீழே கொஞ்சம் இறக்கி நடுவில் ஏத்துங்க என்று ஒலிச்சோதனையின்போதே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். தெருக்கோடியில் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. அதன் மேல்சுரங்கள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நிற்பவரின் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். டோன் குமிழை முழுவதும் மூடிவைத்து வாசித்தால் அந்தக் கோடியில் நிற்பவர்களுக்கு மேடையில் பேஸே இல்லை.