சிடிக்குப் பச்சை மை பூசினால் பாட்டு நன்றாகக் கேட்குமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு, பிரான்சில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். சிடியின் விளிம்பில் பூச ஒரு பச்சை மார்க்கர், சிடியில் ஏறிய காந்தத்தை எடுக்குமாம் ஒரு வட்டப் பெட்டி, தெளித்துத் துடைக்க ஒரு திரவம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நாகஸ்வர சிடியைப் போட்டார். "டேய், பாரு, சீவாளி ஈரம்கூடக் கேக்குது!" (சீவாளி என்பது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு.) எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆமா சித்தப்பா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும்தான் இதெல்லாம் உண்மையா என்று தோண்ட ஆரம்பித்தேன்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது, அவர் எல்பி ரெக்கார்டு காலத்து ஆள். எல்பியில் பள்ளத்தின் நெளிவுதான் சத்தம், அதில் ஒரு தூசி உட்கார்ந்தால் ஊசி அதையும் சேர்த்து 'டப்' என்று பாடும், துடைத்தால் நிஜமாகவே நன்றாகக் கேட்கும். அந்தப் பழக்கம் சிடிக்கும் வந்துவிட்டது. ஆனால் சிடியில் இருப்பது எண்கள். நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக (0 அல்லது 1 என்று பதினாறு இலக்கம்) எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சரியாகப் படித்தால் போதும், அழகாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மளிகைக் கடைச் சிட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் எண்ணெய் பட்டு விலை அழிந்துவிட்டது, ஆனால் கீழே மொத்தத் தொகை இருக்கிறது. கழித்துப் பார்த்தால் அழிந்த விலை கிடைத்துவிடும், ஏறக்குறைய அல்ல, பைசா சுத்தமாக. சிடியிலும் இதே மாதிரி உபரிக் கணக்குகள் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன, அதுவும் பக்கத்துப் பக்கத்து எண்களைத் தள்ளித் தள்ளிக் கலைத்துப் போட்டு. அதனால் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் மொத்தமாகப் போனாலும் பிளேயர் அதை அப்படியே மீட்டுவிடும். அதற்கும் மேல் போனால் பக்கத்து எண்களை வைத்து ஊகித்து ஒப்பேற்றும், அதுவும் முடியாவிட்டால் 'டிக்' என்று விழும், இல்லை தாவும், இல்லை ஊமையாகும். கவனியுங்கள், கெட்டுப்போன சிடி இப்படித்தான் கெடும். "பேஸ் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, வயலின் பின்னால் போய்விட்டது" என்ற ரகத்தில் கெடாது.

பச்சை மார்க்கர் சிதறும் லேசர் ஒளியை உறிஞ்சும் என்கிறார்கள். சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அது அகச்சிவப்பு. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அகச்சிவப்பையும் விழுங்கும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. காந்தப் பெட்டி இன்னும் மோசம்: சிடிக்குள் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும். வீட்டு அலுமினியச் சட்டியில் காந்தத்தை ஒட்டிப் பாருங்களேன். லேபிள் மையில் இரும்புத் துகள் இருக்கிறது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும், லேசர் படிப்பது வெளிச்சத்தைத்தானே. சிடியை ஃபிரீசரில் வைத்தெடுத்தால் நன்றாகக் கேட்கும் என்பாரும் உண்டு, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மீனுக்கு இடம் குறையும்.

சரி, என் பேச்சையும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் கணினியில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற மென்பொருளைப் போட்டு (இலவசம்தான்), எதுவும் பூசாத சிடியை முதலில் காப்பி எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும், அதன் பிட் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்ட, சிஆர்சி என்று எட்டு எழுத்தில் ஒரு எண் காட்டும், அதைக் குறித்து வையுங்கள். அப்புறம் மையோ திரவமோ உங்கள் இஷ்டப்படி பூசிவிட்டு அதே டிரைவில், அதே செட்டிங்கில், மறுபடி காப்பி எடுங்கள். டிரைவை மாற்றினால் பாட்டின் தொடக்கம் இம்மி நகர்ந்து எண் மாறலாம், அதனால்தான் 'அதே'. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பூச்சு ஒரு பிட்டைக்கூட மாற்றவில்லை என்று அர்த்தம். சித்தப்பாவின் பூசிய நாகஸ்வர சிடியையும் அதே சிடியின் பூசாத இன்னொரு பிரதியையும் வைத்து அவரும் நானும் உட்கார்ந்து இதைச் செய்தோம், ஒன்பது உருப்படிக்கும் எண் அச்சுப்பிசகாமல் ஒன்று.

"கம்ப்யூட்டர் வேற, என் பிளேயர் வேற" என்றார். நியாயமான கேள்விதான். பிளேயரும் படித்த எண்களை முதலில் ஒரு தற்காலிக நினைவகத்தில் சேர்த்து, குவார்ட்ஸ் படிகத்தின் தாளத்துக்குத்தான் வெளியே விடுகிறது. தட்டு சுற்றுவதில் இருக்கும் தள்ளாட்டம் அங்கேயே நின்றுவிடும். அதற்கும் சமாதானம் ஆகவில்லை என்றால் கண்ணை மறைத்துக் கேட்பதுதான் வழி. ஒரே சிடியின் இரண்டு பிரதி வேண்டும், ஒன்றில் பூச்சு, ஒன்றில் இல்லை. காசு சுண்டிப் பார்த்து எதைப் போடுவது என்று இன்னொருவர் முடிவு செய்யட்டும், கேட்பவர் முதுகைக் காட்டி உட்காரட்டும், போடுபவர் வாயையே திறக்கக் கூடாது, வால்யூமைத் தொடவே கூடாது. பத்துச் சுற்று. ஏழு சரியாக வந்தால் துள்ளாதீர்கள், சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏழோ அதற்கு மேலோ வர ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. குறைந்தது ஒன்பது வேண்டும், அது நூறில் ஒன்றுதான். சித்தப்பா ஐந்து வாங்கினார். இரண்டாம் தடவை நான்கு. ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்றார், ஃபேனை நிறுத்தினோம், நிஜமாகவே சத்தம் தெளிவானது, இரண்டு சிடிக்கும்.

துடைப்பது மட்டும் வீண் இல்லை. சண்டே மார்க்கெட்டில் குவியலாகக் கிடக்கும் சிடிகளை வாங்குகிறவர்களுக்கு இது தினசரி வேலை. ஒரு சொட்டு பாத்திரச் சோப்புத் திரவம் விட்ட தண்ணீரில் கழுவி, பழைய மெல்லிய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடேயே ஓடும், அதைத்தான் பிளேயரால் சமாளிக்க முடியாது. பிசுக்கு போகாவிட்டால் மொபைல் ரிப்பேர் கடையில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) போதும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகவே ஆகாது, பிளாஸ்டிக்கை வெளிறடித்துவிடும். தாவுகிற சிடியின் அடிப்பக்கத்தில் மேலோட்டமான கீறல் இருந்தால் வெள்ளைப் பற்பசையால் மெதுவாகத் தேய்ப்பது சிலசமயம் பலிக்கும். தாவாத சிடியில் அதைச் செய்யாதீர்கள்.

லேபிள் பக்கம்தான் எல்லோரும் அலட்சியமாக விடுவது. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே மெல்லிய வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அதற்குக் கீழே உடனே அலுமினியம். நம் ஊர் உப்புக்காற்று அந்தப் பூச்சில் இருக்கும் விரிசல் வழியாகத்தான் உள்ளே போகும். தானே புயலில், 2011 டிசம்பர் 30, எங்கள் ஜன்னல் பெயர்ந்து அலமாரியே நனைந்தது. கழுவிக் காயவைத்ததில் பெரும்பாலான சிடி பிழைத்தது, லேபிள் பக்கம் கீறியிருந்தவைதான் அடுத்தடுத்த வருடங்களில் போயின. சந்தேகமான சிடியை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அங்கே அலுமினியம் இல்லை. இன்னும் ஓடுகிறது என்றால் அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள். அப்படிப் புள்ளி விழுந்தது என்னிடம் மூன்று இருக்கிறது, டீ டம்ளர் வைக்க ஆகிறது.