கிராஃப்ல உருவத்தை இருந்த இடத்துலயே பெருசாக்கறது எப்படிங்க

சென்னிமலை பெட்ஷீட்டுக்கு டைமண்ட் டிசைன் ஒண்ணு கிராஃப் தாள்ல போட்டிருக்கீங்கன்னு வைங்க, முனை நாலும் (1,2), (2,1), (3,2), (2,3). ரெண்டு மடங்காக்க எக்ஸ், ஒய் ரெண்டையும் 2-ஆல பெருக்கோணும், (3,2) போய் (6,4) ஆயிரும். ஆனா டைமண்டோட நடுவே (2,2)-ல இருந்து (4,4)-க்கு நகந்துருது பாருங்க, ஏன்னா இங்க பெருசாக்கறதுக்கு மையம், அதாவது நகராம நிக்கற புள்ளி, (0,0).

நகராம அங்கயே பெருசாகோணும்னா (2,2)-வையே மையமா வெச்சு, முனையில இருந்து மொதல்ல அதை கழிங்க, (3,2) வந்து (1,0) ஆகும், 2-ஆல பெருக்கினா (2,0), அப்பறம் மையத்தை திரும்ப கூட்டுங்க, (4,2). இந்த கழிக்கற வேலையை விட்டுத்தான் பசங்க மார்க்கை கோட்டை விடறாங்க, பாவமா இருக்குதுங்க.

மத்த முனைக்கும் இதேதான். ஸ்கேல் ஃபேக்டர், அதாவது நாம பெருக்கற எண், அரைன்னா உருவம் சுருங்கும். 2-ஆல பெருக்கினா கோணம் மாறாது, பக்கம் ரெண்டு மடங்கு, ஆனா பரப்பு 2 கட்டத்துல இருந்து 8 ஆயிரும், அதனால நூல் கணக்கை ரெண்டு மடங்குன்னு போட்டறாதீங்க.